மணமுறிவுக்குப் பிறகு மாமி வீடு: திருக்கோவில் ஊர்ப் பக்கத்தில் ஒரு நிகழ்வு ஆய்வு

ஒரு ஆசிரியை 2023 நடுப்பகுதியில் உளவளத்துணையாளரான என்னிடம் வந்தபோது அவருடைய மணமுறிவு முடிந்து ஒரு வருடத்துக்கு மேலாகியிருந்தது. முன்னாள் கணவரைப் பற்றிப் பேச அவர் வரவில்லை. எழுபத்தெட்டு வயதுத் தாய் நீரிழிவு மருந்தைக் குடிக்க மறுக்கிறார், கிளினிக்குக்கும் போக மாட்டேன் என்கிறார், என்ன செய்யலாம் என்று கேட்கத்தான் வந்தார். கொஞ்ச நேரம் பேசிய பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. அந்தத் தாயைக் கிளினிக்குக்கு ஏற்றிப் போய்க்கொண்டிருந்தவர் முன்னாள் மருமகன். மகளுக்குத் தெரியாமல், மகள் பள்ளிக்கூடம் போன நேரம் பார்த்து, பின்வேலிப் பக்கமாக வந்து கூட்டிப் போயிருக்கிறார். விஷயம் தெரிந்ததும் மகள் அவரை வளவுக்குள் வரக் கூடாது என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து தாய் மருந்தை நிறுத்திவிட்டார்.

உளவளத்துணையில் மணமுறிவு பற்றி நிறையப் பேசுகிறோம். கணவன், மனைவி, பிள்ளைகள் என்று மூன்று கட்டம் போட்டு வேலை செய்கிறோம். மாமி, மாமா, மச்சான், மச்சாள், சகலன் எல்லாரும் அந்தக் கட்டங்களுக்கு வெளியே நிற்கிறார்கள். இலங்கையின் மட்டக்களப்பு, அம்பாறைக் கரையோரத்தில் அது பெரிய குறை. அதனால்தான் இந்த ஒரு குடும்பத்தைப் பற்றி விரிவாக எழுதுகிறேன். சம்பந்தப்பட்டவர்கள் சம்மதித்திருக்கிறார்கள். அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

குடும்பமும் வளவும்

திருமணம் 1998இல் நடந்தது. கணவர் ஆரையம்பதிக்காரர், வெள்ளாமை செய்பவர். பெண் திருக்கோவில் பக்கம். நம் பகுதி வழக்கப்படி மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போனார். பெரிய வீடு சீதனமாகப் பெண்ணுக்கு எழுதப்பட்டது. பெற்றோர் அதே வளவில் பின்னால் ஒரு சின்ன வீடு கட்டி மாறினார்கள். அடுத்த வேலிக்குள் தங்கைக்கு வீடு. தங்கையின் கணவர், அதாவது இவருடைய சகலன், கல்முனைப் பக்கத்திலிருந்து வந்து குடியேறியவர். ஒரே கூப்பிடு தூரத்தில் இரண்டு மருமக்கள், மாமனாரோடு சாகாமம் பக்கம் வயலுக்குப் போய் வந்தார்கள். பெண்ணின் தம்பி இப்போது கட்டாரில் வேலை செய்கிறார்.

வேறு இடங்களில் மணமுறிவு என்றால் பெண் பெட்டியைத் தூக்கிக்கொண்டு தாய் வீடு போகிறாள். இங்கே வீடும் வளவும் அநேகமாக வயலும் பெண்ணுடையவை. வெளியேறுபவர் ஆண். அவர் விட்டுப் போவது மனைவியை மட்டுமல்ல. இருபது இருபத்தைந்து வருடம் தான் உழுத வயல், கூடவே வேலை செய்த சகலன், கோயில் திருவிழாவில் தான் நின்ற இடம், தன்னை மகனாக வைத்திருந்த மாமி எல்லாவற்றையும் ஒரே நாளில் விடுகிறார். திரும்பிப் போய் நிற்கப் பிறந்த வீடு இருக்கலாம். ஆனால் அந்த வீடும் ஏற்கெனவே அவருடைய சகோதரிக்குச் சீதனமாகப் போயிருக்கும். அம்பாறைக் கரையோர முஸ்லிம் குடும்பங்களிலும் மாப்பிள்ளை பெண் வீட்டுக்குப் போகும் வழக்கம் இருப்பதால், 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தின் கீழ் காதி நீதிமன்றத்தில் பிரிபவர்களிடமும் இதே வலியைப் பார்க்கலாம்.

இந்த வீட்டில் இன்னொன்றும் இருந்தது. 2004 டிசம்பர் 26 அன்று கடல் வந்தபோது மாமனார் போய்விட்டார். மாமியைத் தூக்கிக்கொண்டு மேற்கே ஓடியவர் இந்த மருமகன். பழைய வழக்கத்தில் மாமியும் மருமகனும் நேருக்கு நேர் அதிகம் பேசமாட்டார்கள், இடையில் மகள்தான் பேச்சைக் கொண்டுபோவாள். அந்த நாளுக்குப் பிறகு இந்த இரண்டு பேருக்கும் அப்படி ஒரு இடையாள் தேவைப்படவில்லை. மகளும் இதை என்னிடம் மறுக்கவில்லை. "அம்மாவுக்கு என்ன வருத்தம் எண்டாலும் முதல்ல அவருக்குத்தான் தெரியும்" என்றார்.

சுனாமிக்குப் பிறகு கட்டிக் கொடுக்கப்பட்ட வீடுகளில் பல, குடும்பத் தலைவர் என்று கணவரின் பெயரில் எழுதப்பட்டன. தாய்வழியாக வீடு போகும் ஊர்களில் அது பின்னாளில் பெரிய சிக்கலானது. பிரிந்த பிறகும் கணவர் வீட்டை விட்டுப் போகவில்லை, அல்லது பெண்ணின் பெற்றோர் தங்கள் வளவிலேயே அந்நியரானார்கள். இந்தக் குடும்பம் அதிலிருந்து தப்பியது. பழைய வளவிலேயே திருத்திக் கட்டியதால் காணி உறுதி பெண்ணின் பெயரிலேயே இருந்தது. வீட்டுச் சண்டை இல்லாமல் மற்ற உறவுகளைப் பற்றிப் பேச முடிந்ததற்கு இதுதான் முதல் காரணம் என்று நினைக்கிறேன்.

பிரிவு வந்த விதம்

அடி உதை இல்லை, இன்னொரு பெண்ணும் இல்லை. 2017இல் ஒரு போகம் பிழைத்தது. அவர் மனைவியின் நகைகளை அடகு வைத்தார், சொல்லவில்லை. வட்டி ஏறியது. கட்டாரிலிருந்த மச்சானிடம் உழவு மெசின் வாங்கவென்று ஆறு லட்சம் வாங்கினார், அதையும் சொல்லவில்லை. 2019இல் நகை ஏலத்துக்குப் போகும் என்று கடிதம் வந்தபோது அதை வாசித்தவர் மனைவி. அதற்குப் பிறகு ஒரே வீட்டில் பேச்சில்லாமல் சில மாதங்கள். 2020 தொடக்கத்தில் அவர் வெளியேறி அக்கரைப்பற்றில் ஒரு அறை எடுத்தார். 2021இல் மனைவி வழக்குப் போட்டார்.

சட்டம் இங்கே செய்த ஒரு காரியத்தைச் சொல்ல வேண்டும். யாழ்ப்பாணத் தமிழரின் வழக்கச் சட்டமான தேசவழமை மட்டக்களப்புத் தமிழருக்குப் பொருந்தாது. மட்டக்களப்பின் பழைய வழக்கச் சட்டமான முக்குவர் சட்டமும் இன்று நடைமுறையில் இல்லை. ஆகவே 1907ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டம்தான். அதில் மணமுறிவுக்குக் காரணங்கள் மூன்று: பிறர்மனைத் தொடர்பு, கெட்ட எண்ணத்தோடு கைவிட்டுச் செல்லல், திருமண வேளையிலேயே இருந்த தீராத ஆண்மைக் குறைவு. இருவரும் சேர்ந்து "எங்களுக்கு இனிச் சரிவராது" என்று சொல்லிப் பிரிய வழியில்லை. யாராவது ஒருவர் குற்றவாளியாக வேண்டும். வழக்குரையில் அவர் கெட்ட எண்ணத்தோடு கைவிட்டுப் போனவர் என்று எழுதப்பட்டது. அவர் எதிர்க்கவில்லை. முதலில் இடைக்காலத் தீர்ப்பாணை, மூன்று மாதம் கழிய இறுதித் தீர்ப்பாணை. 2022இல் எல்லாம் முடிந்தது.

ஆனால் அந்த வழக்குரையை உறவினர் ஒருவர் மாமிக்கு வாசித்துக் காட்டிவிட்டார். நீதிமன்றத்துக்காக எழுதப்பட்ட வாசகம் வீட்டுக்குள் தீர்ப்பாக வந்து சேர்ந்தது. "நான் கண்ட மனிசன் அதில இல்ல" என்று மாமி மகளோடு கோபித்துக்கொண்டார். மகளுக்கோ அது இரண்டாவது அடி. நகையையும் நம்பிக்கையையும் இழந்தவள் நான், அம்மா அவர் பக்கம் நிற்கிறாரே என்று. மணமுறிவு வழக்கு நடத்துகிறவர்கள் இந்த ஆவணம் யார் கையில் போகும் என்பதை முன்கூட்டியே யோசிக்க வேண்டும். வயதான பெற்றோருக்கு அதை வாசித்துக் காட்டாதீர்கள். வாசிக்கத்தான் வேண்டுமென்றால் சட்டம் ஏன் அப்படி எழுதக் கேட்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

முதல் முயற்சி

நான் உள்ளே வருவதற்கு முன்பே கோயில் நிர்வாகியான வண்ணக்கர் ஒருவர் இரு பக்கத்தையும் கூப்பிட்டு உட்கார வைத்திருக்கிறார். நல்ல மனது. ஆனால் மாமி, மகள், தங்கை, சகலன், ஆரையம்பதியிலிருந்து அவருடைய சகோதரி, தொலைபேசியில் கட்டார்த் தம்பி என்று எல்லாரும் ஒரே இருப்பில். அரை மணி நேரத்தில் அது விசாரணையாகிவிட்டது. ஒருவர் நகையைப் பேச, இன்னொருவர் ஆறு லட்சத்தைப் பேச, மாமி அழ, சகலன் எழும்பிப் போய்விட்டார்.

அந்த இருப்பு குலைந்ததற்கு ஆட்களின் குணம் காரணமில்லை. அங்கே ஆறு வேறு வேறு உறவுகள் இருந்தன. மகளுக்கும் அவருக்கும் இருந்தது முடிந்த திருமணம். மாமிக்கும் அவருக்கும் இருந்தது தாயும் மகனும் போன்ற பாசம். மச்சானுக்கும் அவருக்கும் கடன். சகலனுக்கும் அவருக்கும் இருபது வருடத் தோழமை, கூட்டு வேலை. ஆசிரியைக்கும் அவருடைய மச்சாளுக்கும் ஒரு காலத்தில் நல்ல சிநேகம். பிள்ளைகளுக்கு எல்லாருமே சொந்தம், அதில் முன்னாள் என்று ஒன்றும் கிடையாது. திருமணம் முடிந்தது என்பதால் மற்ற ஐந்தும் தானாக முடிவதில்லை, தானாகத் தொடர்வதுமில்லை. ஒவ்வொன்றையும் தனியாக எடுத்து, அந்த இரண்டு பேரோடு பேசித்தான் ஒரு நிலைக்குக் கொண்டுவர முடியும். இந்த ஆய்வில் நான் சொல்ல வந்தது இதைத்தான்.

தனித்தனியாக

முதலில் மாமியிடம் போனேன். பின்வீட்டு விறாந்தையில் தனியாகப் பேசினோம். அவரிடம் அதுவரை யாருமே கேட்காத கேள்வி ஒன்று இருந்தது: உங்களுக்கு என்ன வேண்டும்? அவர் யோசிக்கவே இல்லை. "எனக்கு ஆம்புளப் புள்ள ரெண்டு பேர் மனே. ஒருவர் கட்டார்ல. மத்தவர் இவர். புருசன் பொஞ்சாதி வழக்கு அவங்கட. எனக்கு ஆரும் வழக்குப் போடல்லயே." மருந்தை நிறுத்தியது கோபத்தாலா என்று கேட்டேன். கோபமில்லை, கிளினிக் வரிசையில் பக்கத்தில் இருக்க ஆளில்லை என்றார். மகள் விடுமுறை எடுத்துக் கூட்டிப்போகத் தயாராகத்தான் இருந்தார். ஆனால் மகளைப் பள்ளிக்கூடத்திலிருந்து மறிப்பது அந்தத் தாய்க்குப் பிடிக்கவில்லை.

இன்னொன்றையும் அவர் ஒத்துக்கொண்டார். மருமகன் வரும்போதெல்லாம் "திரும்பி வந்திடுங்க" என்று கேட்பாராம். வீட்டில் மகள் யாரோடு பேசினாள், எங்கே போனாள் என்பதையும் சொல்லிவிடுவாராம். பாசம்தான். ஆனால் மகளைப் பொறுத்தவரை பின்வேலியால் ஒற்றன் வந்து போகிறான்.

மகளிடம் பேசியபோதுதான் முடிச்சின் நடு தெரிந்தது. அவர் கோபத்தின் காரணம் முன்னாள் கணவர் தாயைக் கிளினிக்குக்குக் கூட்டிப்போனது அல்ல. அது ஒளிவாக நடந்ததுதான். நகை ஒளிவாகப் போனது, கடன் ஒளிவாக வந்தது, இப்போது சொந்த வளவுக்குள்ளேயே இன்னொரு ஒளிவு, அதுவும் தாயே கூட்டாளி. திருமணத்தை முறித்த அதே காயம்தான் திரும்பக் கிளறப்பட்டிருந்தது. வெளியிலிருந்து பார்க்கிறவர்கள் "கிழவியப் பார்க்கத்தானே வந்தான், அதில என்ன" என்று சொல்லிவிடுவார்கள். அப்படிச் சொல்வது அந்தப் பெண்ணுக்குச் செய்யும் அநியாயம்.

முன்னாள் கணவரிடம் மூன்றாவதாகப் பேசினேன். மனிதர் கேட்டுக்கொண்டிருந்தார். முன்வாசலால் வர வெட்கமாக இருந்தது, அதனால்தான் பின்னால் வந்தேன் என்றார். வெட்கம் உண்மைதான். ஆனால் அதன் செலவைக் கட்டியவர்கள் இரண்டு பெண்கள் என்று சொன்னேன். அவருக்கு அது விளங்கியது.

அதற்குப் பிறகு ஒரு ஒழுங்கு போட்டோம். கிளினிக் நாளுக்கு முதல் நாள் அவர் நேரடியாக ஆசிரியைக்கு ஒரு செய்தி அனுப்புவார்: நாளை இத்தனை மணிக்கு வருகிறேன். பிள்ளைகள் வழியாகச் சொல்லி அனுப்பக் கூடாது. முன்வாசலால் வருவார், பெரிய வீட்டுக்குள் ஏற மாட்டார், பின்வீட்டு விறாந்தை வரைதான். மாமி சேர்ந்து வாழும் பேச்சை எடுக்க மாட்டார், மகளின் விஷயம் எதையும் சொல்ல மாட்டார். தனக்குச் சரிவராத நாளில் ஆசிரியை "வேண்டாம்" என்று சொல்லலாம், காரணம் கேட்கக் கூடாது. ஆனால் அப்படிச் சொன்னால் அன்று தாயைக் கூட்டிப்போகும் பொறுப்பு ஆசிரியையுடையது. கடைசி வரிக்கு ஆசிரியை சிரித்துவிட்டார். "அது நியாயம்தான்" என்றார்.

இந்த உதவிக்குச் சட்டக் கடமை எதுவும் இல்லை என்பதையும் முன்னாள் மருமகனுக்குத் தெளிவாகச் சொன்னேன். 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க மூத்தோர் உரிமைகளைப் பாதுகாக்கும் சட்டம் பெற்றோரைப் பார்க்கும் பொறுப்பைப் பிள்ளைகள் மேல்தான் வைக்கிறது. மருமகன், அதிலும் மணமுறிந்த மருமகன், அதில் வரமாட்டார். ஆகவே அவர் செய்வது கடமை தீர்ப்பதற்கோ குற்றம் கழுவுவதற்கோ அல்ல. மாமிக்காகச் செய்கிறார் என்றால் செய்யட்டும். முன்னாள் மனைவியின் மனதை மாற்றச் செய்கிறார் என்றால் ஆறு மாதத்தில் கசந்துவிடும்.

வயலும் கடனும்

உண்மையில் கடினமான பகுதி இதுதான். வெளியேறிய பிறகும், தீர்ப்பாணை வந்த பிறகும்கூட, மாமியின் சொல்லுக்காக அந்தச் சீதன வயலை அவர்தான் செய்து வந்தார். பெரும்போகம், சிறுபோகம் இரண்டிலும் விளைச்சலில் ஒரு பங்கை மாமி கையில் கொடுப்பார். ஆசிரியைக்குத் தன் காணியில் என்ன விளைந்தது என்று வயல் வேலைகளை மேற்பார்க்கும் வட்டவிதானையிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளும் நிலை. அது இப்படியே போக முடியாது. மாமி மேல் வைத்த பாசத்தின் பெயரால் முன்னாள் மனைவியின் காணியைக் கையில் வைத்திருப்பதை எந்த நியாயமும் ஏற்காது.

அவர் வயலை விட்டார். ஆசிரியை அதைச் சகலனுக்குக் குத்தகைக்குக் கொடுத்தார். இருபத்தைந்து வருடம் உழுத நிலத்தில் இன்னொருவர் விதைக்கும்போது வரம்பில் நிற்க முடியவில்லை என்று என்னிடம் சொன்னார். அந்த இழப்பை நான் சிறிதாக நினைக்கவில்லை. ஆனால் வயலை விட்டதற்குப் பிறகுதான் அவர் கிளினிக்குக்கு வருவதை ஆசிரியை நம்பத் தொடங்கினார். சொத்தின் வாசம் இருக்கும்வரை எந்தப் பாசத்துக்கும் சாட்சி தேவைப்படுகிறது.

சகலனுக்கு இது தர்மசங்கடம். பக்கத்து வேலிக்குள் இருந்த தோழரின் இடத்தில் தான் இறங்குவதா என்று தயங்கினார். அவர்கள் இரண்டு பேரும் அக்கரைப்பற்றில் ஒரு தேநீர்க் கடையில் தாங்களே பேசித் தீர்த்துக்கொண்டார்கள். எனக்கு அதில் வேலை இருக்கவில்லை. இன்றும் சந்திக்கிறார்கள், ஊருக்கு வெளியே. சகலன் வீட்டுக்கு வந்தால் அது ஆசிரியையின் வேலியோரம், அதனால் வேண்டாம் என்று அவர்களே முடிவெடுத்தார்கள்.

மச்சானின் ஆறு லட்சத்துக்குத் தவணை எழுதினோம். உழவு மெசின் விற்ற காசில் ஒரு பகுதி உடனே, மிச்சம் மாதாமாதம். பணம் அனுப்பிய ரசீது நேரே மச்சானுக்குப் போகும். மாமி வழியாக இல்லை, பிள்ளைகள் வழியாக இல்லை. உறவு முறிந்த குடும்பங்களில் கடனைத் தீர்க்காமல் உறவைப் பேச உட்காருவது வீண் வேலை. பணம் கிடக்கும்வரை எல்லாப் பேச்சும் அதையே சுற்றும்.

ஆரையம்பதிப் பக்கம்

ஆசிரியைக்கும் ஒரு மாமி இருந்தார். மருமகள் மாமியோடு ஒரே வீட்டில் இருக்கும் வழக்கம் இங்கே இல்லாததால் அந்த உறவு அவ்வளவு நெருக்கமில்லை. திருவிழாவுக்கும் வருடப்பிறப்புக்கும் போய் வருவதுதான். ஆனால் மச்சாளோடு சிநேகம் பலமானது. பிரிவுக்குப் பிறகு மச்சாள் அழைப்பதை நிறுத்தியிருந்தார். ஆசிரியை அதை வெறுப்பு என்று எடுத்துக்கொண்டார். மச்சாளோ "என்ர குரலக் கேட்டா அவவுக்கு அண்ணன்ட நினைவு வரும்" என்று தள்ளி நின்றிருக்கிறார். இரண்டு பேரும் மற்றவரின் மனதைத் தாங்களே ஊகித்து மூன்று வருடம் பேசாமல் இருந்தார்கள்.

2024இல் அந்த மாமி காலமானார். போவதா விடுவதா என்று ஆசிரியை கேட்டார். நல்லதுக்குப் போகாவிட்டாலும் கெட்டதுக்குப் போக வேண்டும் என்பது நம் ஊர் ஒழுக்கம், அதைச் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. எப்படிப் போவது என்பதுதான் கேள்வி. மருமகளாகப் போனால் கடமைகளில் நிற்க வேண்டும், பிரிந்ததை அறிந்த உறவுகள் முன்னால் அது எல்லாருக்கும் சங்கடம். பிள்ளைகளின் தாயாகப் போகலாம் என்று முடிவெடுத்தார். மகளையும் மகனையும் கூட்டிக்கொண்டு போய், பெண்களோடு இருந்து, உடல் எடுத்ததும் திரும்பினார். எட்டுக்கும் முப்பத்தொன்றுக்கும் பிள்ளைகளை மட்டும் அனுப்பினார். மச்சாள் அவரைக் கட்டிப்பிடித்து அழுதாராம். அடுத்த கிழமையே தொலைபேசியில் பேசத் தொடங்கிவிட்டார்கள். அண்ணனைப் பற்றிப் பேசுவதில்லை என்பது அவர்களுக்குள் ஒப்பந்தம்.

எங்கே இந்த வழி பொருந்தாது

இந்தக் குடும்பத்தில் வன்முறை இல்லை என்பதை இருவரிடமும் தனியாகவும், அவர்களுடைய மகளிடமும் கேட்டு உறுதிப்படுத்திய பிறகுதான் முன்னாள் கணவர் வளவுக்குள் வருவதைப் பற்றியே பேசினேன். அடித்தவர், மிரட்டியவர், பின்தொடர்கிறவர் என்றால் வயதான தாயைப் பார்க்கும் சாக்கில் அவரை உள்ளே விடக் கூடாது. 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் முன்னாள் கணவருக்கு எதிராகவும் பாதுகாப்புக் கட்டளை பெறலாம். தாய்க்குப் பாசம் இருந்தால் அவர்கள் வேறு இடத்தில், வேறு ஒருவர் துணையோடு சந்திக்கட்டும்.

சொந்தத்துக்குள் கட்டியவர்களின் கதையும் வேறு. மனைவியின் தாய் தன் தகப்பனின் தங்கை என்றால், மணமுறிவு எந்த நீதிமன்றத்தில் நடந்தாலும் அவர் மாமிதான். அங்கே எல்லை போடுவது இதைவிடக் கடினம். ஒரு வீட்டுச் சண்டை இரண்டு குடும்பத்துக் கோயில் பங்குவரை போகும்.

இப்போதைய நிலை

மாமி மருந்து குடிக்கிறார். கிளினிக் அட்டையில் சர்க்கரை அளவு இறங்கியிருக்கிறது. ஒழுங்கு போட்ட பிறகு இரண்டு தடவை ஆசிரியை "இன்று வேண்டாம்" என்று சொல்லியிருக்கிறார், இரண்டு தடவையும் தானே விடுமுறை எடுத்துத் தாயைக் கூட்டிப்போனார். மாமி இன்னும் இடைக்கிடை "திரும்பி வந்திடுங்க" என்று சொல்லிப் பார்க்கிறார். அவர் பேச்சை மாற்றிவிடுகிறார்.

அடுத்த பெரிய விஷயம் ஆசிரியையின் மகளின் கல்யாணம். பேச்சு வந்திருக்கிறது. வழக்கப்படி பெரிய வீடு மகளுக்குப் போகும், ஆசிரியை பின்வீட்டுக்கு மாறுவார். அந்தப் பின்வீட்டில் இப்போது இருப்பவர் அம்மம்மா. உறுதி எழுதும்போது அம்மம்மாவுக்கும் ஆசிரியைக்கும் சீவிய உருத்தை, அதாவது உயிரோடு இருக்கும்வரை அங்கே இருக்கும் உரிமையை, வைத்துத்தான் எழுத வேண்டும் என்று நொத்தாரிசிடம் சொல்லச் சொன்னேன். பின்வீட்டுக்கு ஓர் அறை சேர்த்துக் கட்டும் செலவில் பாதியைத் தருவதாகத் தகப்பன் சொல்லியிருக்கிறார். காசு கட்டுபவர் கணக்கில் போகும், திறப்பு அவர் கைக்கு வராது.

தாரைவார்த்துக் கொடுக்க யார் நிற்பது என்பது தீரவில்லை. மகள் அப்பாவும் அம்மாவும் சேர்ந்து நிற்க வேண்டும் என்கிறாள். ஆசிரியைக்கு அவரோடு ஒரே மேடையில் நிற்க மனமில்லை. சகலனும் தங்கையும் நிற்கலாம், தகப்பன் முன்வரிசையில் இருக்கலாம் என்று மாமி ஒரு வழி சொல்லியிருக்கிறார். மாப்பிள்ளை வீட்டாருக்கு இதை யார் போய் விளங்கப்படுத்துவது என்பதில் பேச்சு நிற்கிறது. கட்டார் மச்சான் கல்யாணத்துக்கு வருகிறார். தவணை ஒழுங்காகப் போனாலும் அவர் இன்னும் இவரோடு பேசுவதில்லை. பேச வேண்டும் என்று நான் அவரைக் கேட்கவும் போவதில்லை.